கணக்குக்குள் ஒரு வேற்றுமை உருபு

"கூடையோட 24 கிலோ, கூடைக்கு ரெண்டு போக 22." கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் இடத்தில் இப்படிச் சொன்னால், அங்கே வளரும் தமிழ்ப் பிள்ளைக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. கழித்தல் பாடத்துக்கு முன்பே 'போக' என்ற சொல்லின் வேலை அதற்குத் தெரியும். பேச்சின் இலக்கணமும் இப்படித்தான் படிகிறது. வேற்றுமை உருபு என்ற பெயரையே கேட்டிராத குழந்தை 'வீட்டுலேருந்து' என்று பிசகாமல் சொல்கிறது. விதி பிறகுதான் வருகிறது. கணிதத்தை இலக்கணத்தோடு ஒப்பிடுவது மேடை அலங்காரமாக நிற்காமல், தொடக்க வகுப்பில் எந்த மொழியில் கணக்குச் சொல்லித்தருவது என்ற கேள்விக்கு நம்மைக் கொண்டுபோகிறது. தமிழ்ப்பள்ளியில் அது தமிழாகவே இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

மலேசியாவில் 2003-இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்துக்கு மாறின. கேமரன் மலையின் தானா ராத்தா, ரிங்லெட் தமிழ்ப்பள்ளிகளுக்கும் அதே விதிதான். 2009-இல் அத்திட்டத்தைக் கைவிட முடிவானது. 2016-இல் இருமொழித் திட்டம் வந்து, விரும்பும் பள்ளிகளுக்கு ஆங்கில வாசலை மறுபடி திறந்தது. குறியீடு உலகப் பொதுவாயிற்றே, எந்த மொழியில் படித்தால் என்ன என்பார்கள். 8 − 3 பொதுதான். பிள்ளை திணறுவதோ குறியீட்டுக்கு முன்னால் வரும் வாக்கியத்தில். 'எட்டிலிருந்து மூன்றைக் கழி' என்றால் எண்கள் எழுதும் வரிசையிலேயே காதில் விழுகின்றன. 'சப்ட்ராக்ட் த்ரீ ஃப்ரம் எய்ட்' என்பதில் வரிசை தலைகீழ். 'நான்கில் மூன்று' என்னும்போது முழுமை முதலில் வந்து, பங்கு பின்னால் வருகிறது. பதினொன்றில் பத்தும் ஒன்றும் கேட்கின்றன, 'இலெவன்' அப்படிப் பிரிவதில்லை. தமிழும் அப்பழுக்கற்றதல்ல: தொண்ணூறு என்ற பெயருக்குள் நூறு எதற்கு என்று கேட்கும் பிள்ளைக்கு எளிய பதில் கிடையாது.

இதைவிட வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. இடைநிலைப்பள்ளியில் மலாய், மேற்படிப்பில் ஆங்கிலம் என்றிருக்க, ஆறு வருஷத் தமிழ்க் கணக்கு சுற்றுவழி ஆகாதா? இங்கே ஒப்புமையின் எல்லையை ஒப்புக்கொள்ள வேண்டும். இலக்கணம் பேசுவோர் வழக்கால் மாறும்; ஏழெட்டு ஐம்பத்தாறு எவர் வாயிலும் மாறாது. அந்த மாறாத தன்மைதான் என் பக்கம் நிற்கிறது. ஏறக்குறைய ஐந்து கிலோ கொழுந்துக்கு ஒரு கிலோ தேயிலைத்தூள் என்ற விகிதம் ஒருமுறை பிடிபட்டால், மலாயில் கேட்டாலும் அதே விகிதம்தான். புதிதாகக் கற்க வேண்டியது கலைச்சொற்கள் மட்டும். பின்னத்தை மலாயில் 'பெச்சஹான்' என்பார்கள். முதலாம் ஆண்டிலிருந்தே மலாய் தனிப்பாடமாக இருப்பதால், ஐந்தாம் ஆறாம் ஆண்டுகளில் இத்தகைய சொற்களை அந்தப் பாடவேளையிலேயே பழக்கிவிடலாம். அதற்காகக் கணக்குப் பாடத்தின் மொழியில் கைவைக்க வேண்டியதில்லை.