தங்கை கடை வைக்கிறாள்: நகையைக் கொடுக்கலாமா?

குன்றத்தூர் மலைக்கு 84 படிகள். முருகனைக் கும்பிட்டுவிட்டு இறங்கி வந்தேன். அடிவாரத்தில் ஒரு அம்மாள் என்னை நிறுத்தினார்.

"பத்திரிகையிலே எழுதுற தம்பிதானே? எனக்கு ஒரு யோசனை சொல்லணும்."

அவருக்கு வயது நாற்பதுக்கு மேல் இருக்கும். பிறந்த ஊர் ராமேசுவரம் தீவில் உள்ள தங்கச்சிமடம். வாழ்க்கைப்பட்டது குன்றத்தூரில். கணவர் ஒரகடம் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி. மூத்த மகளுக்கு வரும் தை மாதம் கல்யாணம்.

அவருடைய தங்கை இன்னும் தீவில்தான் இருக்கிறார். பனை ஓலையில் பெட்டி, விசிறி, கிலுகிலுப்பை எல்லாம் பின்னுவார். சிப்பியில் மாலை கோப்பார். இதுவரை மற்றவர்களின் கடைகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தார். இப்போது சொந்தக் கடை வைக்க ஆசைப்படுகிறார். அட்வான்சுக்குப் பணம் இல்லை. "அக்கா, உன் சங்கிலியைக் கொடு. அடகு வைத்து ஒரு வருஷத்தில் மீட்டுத் தருகிறேன்" என்று கேட்டிருக்கிறார்.

"கொடுக்கலாமா தம்பி? கொடுக்கலேன்னா அவ மனசு கஷ்டப்படும். கொடுத்தா இவர் கோவிச்சுக்குவார். ஓலைப் பெட்டி வித்து எவன் பொழைச்சான்னு கேக்கிறார்."

இது ஒரு வீட்டின் கேள்வி மட்டும் அல்ல. தமிழ்நாட்டில் பல வீடுகளில் எழும் கேள்வி. ஆகவே அந்த அம்மாளுக்குச் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்கிறேன்.

கணவர் கேட்டது சரியா?

முதலில் கணவரின் கேள்வியை எடுத்துக்கொள்வோம். "ஓலைப் பெட்டி சோறு போடுமா? தொழிற்சாலைச் சம்பளம்தானே நிச்சயம்?"

தொழிற்சாலை நல்லதுதான். இருங்காட்டுக்கோட்டையிலும், திருப்பெரும்புதூரிலும், ஒரகடத்திலும் தொழிற்சாலைகள் வந்ததால் எத்தனையோ குடும்பங்கள் தலைநிமிர்ந்தன. அதை யாரும் மறுக்க முடியாது.

ஆனால் நிச்சயம் என்று சொல்ல முடியுமா? திருப்பெரும்புதூரில் நோக்கியா செல்போன் தொழிற்சாலை 2006-ல் உற்பத்தியைத் தொடங்கியது. ஆயிரக்கணக்கான இளம் பெண்கள் அங்கே வேலை செய்தார்கள். 2014-ல் அது மூடப்பட்டது. உலகம் முழுவதும் பெயர் பெற்ற கம்பெனிதான். எட்டு ஆண்டுகளில் கதை முடிந்தது!

தொழிற்சாலை மூடினால் தொழிலாளி வெறுங்கையோடு வீடு திரும்புகிறான். கைத்தொழில்காரியின் கடை மூடினாலும் அவளுடைய தொழில் கையிலேயே இருக்கிறது. அதை யாரும் கதவடைப்புச் செய்ய முடியாது.

ஆகவே தங்கை கடை வைக்கட்டும். அது என் கட்சி. ஆனால் எப்படி வைப்பது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

தீவு வியாபாரம் வேறு

தீவில் கடை வைப்பது நம் ஊர் பஜாரில் கடை வைப்பது போல அல்ல.

தீவுக்காரர்கள் ஓலைப் பெட்டியைக் கடையில் வாங்க மாட்டார்கள். அவர்கள் வீட்டிலேயே பின்னத் தெரிந்தவர் இருப்பார். சிப்பி மாலையும் அவர்களுக்கு அதிசயம் அல்ல. வாங்குகிறவர்கள் வெளியூரிலிருந்து வரும் யாத்திரிகர்கள். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் கூட்டம் அலைமோதும். மற்ற நாட்களில் கடைக்காரர் ஈ ஓட்ட வேண்டியதுதான்.

யாத்திரிகர்கள் வருவதற்கு வழியும் திறந்திருக்க வேண்டும். பாம்பன் ரயில் பாலம் 1914-ல் திறக்கப்பட்டது. சாலைப் பாலம் வந்தது 1988-ல்தான். பழைய ரயில் பாலம் பழுதானதால் 2022 டிசம்பரில் தீவுக்குள் ரயில் போவது நின்றது. புதிய பாலம் 2025 ஏப்ரல் 6-ந் தேதி திறக்கப்பட்ட பிறகுதான் மறுபடி ரயில் போயிற்று. இரண்டு வருஷத்துக்கு மேல் ரயில் இல்லை! 2020-ல் கொரோனா ஊரடங்கின்போது கோவிலே மூடிக் கிடந்தது. 1964 டிசம்பரில் வந்த புயலோ தனுஷ்கோடி என்ற ஊரையே கொண்டுபோய்விட்டது.

தீவில் கடை வைப்பவர் இதை மறக்கக்கூடாது. கூட்டம் வரும் மாதத்தில் சம்பாதித்ததை, கூட்டம் வராத மாதத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டும். அடகுக் கடை வட்டிக்கு அமாவாசையும் தெரியாது, ஊரடங்கும் தெரியாது. அது மாதா மாதம் ஏறிக்கொண்டே இருக்கும்.

எதை விற்கக்கூடாது?

ராமேசுவரத்தில் கடலோரத்துக் கடைகளைப் பார்த்திருப்பீர்கள். சங்கு, சோழி, சிப்பி விளக்கு, கண்ணாடிச் சட்டம் என்று அடுக்கி வைத்திருப்பார்கள். சங்கில் பெயர் பொறித்துக் கொடுப்பார்கள். குழந்தைகள் அந்த இடத்தை விட்டு நகராது.

ஆனால் கடலில் கிடைப்பதை எல்லாம் விற்க முடியாது. மன்னார் வளைகுடாவில் ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே 21 தீவுகள் உள்ளன. அவை 1986-ல் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா ஆக்கப்பட்டன. பவழம், கடல் குதிரை, கடல் அட்டை ஆகியவற்றையும், சில வகைச் சங்கு சிப்பிகளையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2001-ல் தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. அவற்றை எடுத்தாலும் விற்றாலும் குற்றம். ஜெயில் தண்டனையும் உண்டு.

"எல்லாரும் விக்கிறாங்களே" என்று சொல்லித் தப்ப முடியாது. வனத்துறை அலுவலகத்தில் பட்டியலைக் கேட்டுத் தெரிந்துகொண்டு கடையைத் திறக்க வேண்டும். பவழம் கடலின் மதில். மதிலை விற்றுச் சாப்பிட்டால் வீட்டை அலை கொண்டுபோகும்.

பனை ஓலைக்கு இந்தத் தொல்லை இல்லை. பனை நம் மாநில மரம். ராமநாதபுரம் மாவட்டத்தில் பனைக்குப் பஞ்சம் இல்லை. குருத்தோலையை வெட்டி, வெயிலில் காய வைத்து, ஈர்க்கை நீக்கி, ஒரே அகலத்தில் வார்ந்து, சாயம் போட்டுப் பின்னுகிறார்கள். மரம் சாவதில்லை. அடுத்த குருத்து தானே வருகிறது. ஆகவே தங்கை ஓலையை முதலாக வைத்துக்கொள்ளட்டும். சிப்பி பக்கத்துணையாக இருக்கட்டும்.

கூலியை மறக்காதே!

கைத்தொழில் செய்யும் பெண்கள் ஒரு தவறு செய்கிறார்கள். பெட்டிக்கு விலை வைக்கும்போது ஓலை விலையைச் சேர்க்கிறார்கள். சாய விலையைச் சேர்க்கிறார்கள். தங்கள் கூலியை மட்டும் விட்டுவிடுகிறார்கள். "சும்மா இருக்கிற நேரத்துலே பின்னினதுதானே" என்பார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சின்னக் கொட்டான் பின்ன அரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 60 ரூபாய் கூலி என்றால் 30 ரூபாய். ஓலைக்கும் சாயத்துக்கும் 6 ரூபாய். அனுப்பும் செலவு 4 ரூபாய். கடைக்கு என்று 5 ரூபாய். ஆக மொத்தம் 45 ரூபாய்.

இதை 25 ரூபாய்க்கு விற்றால் என்ன ஆகும்? நிறைய விற்றது போல இருக்கும். கல்லாவில் காசும் விழும். ஆனால் கொட்டானுக்கு 20 ரூபாய் தன் உழைப்பிலிருந்து வாங்குகிறவருக்குத் தானம் செய்கிறாள் என்று அர்த்தம். இப்படி விற்கும் கடை கூட்டம் இருக்கும்போதே நொடித்துப் போகும்.

கரையில் ஒரு கால் வேண்டும்

இங்கேதான் குன்றத்தூர் அக்காளுக்கு வேலை இருக்கிறது.

தீவுக் கடை தீவை மட்டும் நம்பிப் பிழைக்க முடியாது. ஒரு கால் தீவிலும் ஒரு கால் கரையிலும் இருக்க வேண்டும். குன்றத்தூர் மலையில் முகூர்த்த நாளில் எத்தனை கல்யாணம் நடக்கிறது! சுற்றிலும் எத்தனை மண்டபங்கள்! எல்லாக் கல்யாணத்திலும் தாம்பூலம் கொடுக்கிறோம். எதில் போட்டுக் கொடுக்கிறோம்? ஒரு பையில் போட்டுக் கொடுக்கிறோம். அந்தப் பை மறுநாள் குப்பையில் கிடக்கிறது.

ஒரு தடவை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைகளைத் தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்தது. அந்த இடத்துக்கு ஓலைக் கொட்டான் வரலாமே!

இது வெறும் ஆசை அல்ல. செட்டிநாட்டில் கொட்டான் பின்னும் தொழில் அழியும் நிலைக்கு வந்தது. எம்.ஆர்.எம்.ஆர்.எம். பண்பாட்டு அறக்கட்டளை கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து அதை மறுபடி உயிர்ப்பித்தது. செட்டிநாடு கொட்டானுக்கு இன்று புவிசார் குறியீடு இருக்கிறது. கடல் தாண்டி யாழ்ப்பாணத்தைப் பாருங்கள். இலங்கை அரசு பனைக்காகவே 1978-ல் பனை அபிவிருத்திச் சபை அமைத்தது. ஓலையில் செய்த பொருளை விற்க அங்கே ஓர் அமைப்பே இருக்கிறது.

அமாவாசைக் கூட்டம் இல்லாத மாதங்களில் தங்கை கொட்டான் பின்னட்டும். அக்காள் இங்கே கல்யாண வீடுகளில் ஆர்டர் பிடிக்கட்டும். இருவருக்கும் பங்கு. இருவருக்கும் மரியாதை.

அப்படியானால் சங்கிலி?

வேண்டாம். கொடுக்க வேண்டாம்.

நகையை அடகு வைத்து அட்வான்ஸ் கொடுத்தால், அந்தப் பணம் பூட்டிய அறைக்குள் போய்விடுகிறது. அதில் ஒரு கொட்டான்கூடப் பின்ன முடியாது. முதல் வருஷம் திண்ணையில் ஒரு மேசை போதும். எது விற்கிறது, யார் வாங்குகிறார், எந்த மாதம் சும்மா கிடக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதி வரட்டும். அந்த நோட்டைப் பார்த்துவிட்டு அடுத்த வருஷம் கடை பிடிக்கலாம்.

முதல் வேண்டும் என்றால் அடகுக் கடைக்கு முன்னால் வேறு கதவுகளைத் தட்ட வேண்டும். மகளிர் சுய உதவிக் குழுக்கள் இருக்கின்றன. 1989-ல் தர்மபுரியில் தொடங்கிய இயக்கம் இன்று மாநிலம் முழுவதும் பரவியிருக்கிறது. கைவினைஞர்களுக்கு மானியத்தோடு கடன் தரும் கலைஞர் கைவினைத் திட்டத்தை 2025 ஏப்ரலில் முதலமைச்சர் தொடங்கி வைத்ததே இந்தக் குன்றத்தூர் வட்டாரத்தில்தான். 25 வகைத் தொழில்களுக்கு என்று அது அறிவிக்கப்பட்டது. தங்கையின் தொழிலுக்குப் பொருந்துமா, வயது வரம்பு என்ன, இப்போதைய விதி என்ன என்பதை ராமநாதபுரம் மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் கேட்டால் சொல்வார்கள். இடையில் தரகர் வேண்டாம்.

நாம் செய்ய வேண்டியது

கடைசியாக வாசகர்களுக்கு ஒரு வார்த்தை.

பெரிய துணிக்கடையில் சீட்டில் போட்ட விலையைப் பேசாமல் கொடுத்துவிட்டு வருகிறோம். அங்கே ஏ.சி. இருக்கிறது. கோவில் வாசலில் வெயிலில் உட்கார்ந்திருக்கும் ஓலைப் பெட்டிக்காரியிடம் 10 ரூபாய்க்கு அரை மணி நேரம் பேரம் பேசுகிறோம். இது நியாயமா? நாம் குறைக்கும் அந்த 10 ரூபாய் அவள் வீட்டுப் பால் காசு.

இரக்கப்பட்டு வாங்க வேண்டாம். பெட்டி கோணலாக இருந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். சாயம் ஒட்டினால் திருப்பிக் கொடுங்கள். நன்றாக இருந்தால், கேட்ட விலையைக் கொடுத்து வாங்குங்கள். அதுதான் தொழிலுக்குச் செய்யும் மரியாதை.

இதையெல்லாம் அந்த அம்மாளிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. கழுத்துச் சங்கிலியை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"சங்கிலி இல்லேன்னு வெறுங்கையோட எப்படித் தம்பி சொல்றது?" என்றார்.

"வெறுங்கையோடு ஏன் சொல்கிறீர்கள்? உங்கள் மகளுக்குத்தான் தையில் கல்யாணம் வருகிறதே!" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். 200 கொட்டான். 45 ரூபாய் வீதம் 9,000 ரூபாய். பாதி முன்பணம் 4,500 ரூபாய்.

"இவருகூட இதுக்கு வேணாம்னு சொல்ல மாட்டார்" என்று சிரித்தார்.

தங்கைக்கு அக்காள் கொடுக்கக்கூடிய நல்ல சீர் அதுதான். முதல் ஆர்டர்!