எஸ்.எம்.பி.எஸ். பிரேம் கூட்டாதாம்!

எழுபதாயிரம் ரூபாய்க்குள் வீட்டிலேயே கேமிங் கம்ப்யூட்டர் கட்டுவது எப்படி என்று நம் பையன்களுக்கு ஓர் அன்பர் பாடம் எடுத்திருக்கிறார். பழைய ஆர்டிஎக்ஸ் 3080 கார்டு, பழைய ஐ7-13700கே பிராசசர், அதைக் குளிர்விக்க 240 மி.மீ. லிக்விட் கூலர், முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி பதித்த கேபினட். இதுதான் அவர் பட்டியல். இவை எல்லாவற்றுக்கும் மின்சாரம் பிரித்துத் தரும் எஸ்.எம்.பி.எஸ்.? கேபினட்டோடு வருவதே போதுமாம். யூ.பி.எஸ். பற்றிப் பேச்சே இல்லை. எஸ்.எம்.பி.எஸ்.ஸில் போடும் பணம் விளையாட்டில் ஒரு பிரேமைக்கூடக் கூட்டாது, ஆகவே வீண்செலவு என்பது அவர் கட்சி. தமிழ்நாட்டில் எந்த ஊருக்கும் இது பொருந்தும் என்று முத்திரையும் குத்திவிட்டார்.

எந்த ஊருக்கும் என்றால் அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் அதில் சேர்த்திதானே? ரமணர் பிறந்த ஊர் என்பதற்கு மேல் திருச்சுழியைப் பற்றி அன்பர் எதுவும் கேள்விப்பட்டிருப்பாரா என்பது சந்தேகம். கரிசலும் வெயிலும் சீமைக்கருவேலமும் உள்ள இந்த வானம் பார்த்த பூமியில் ஒரு கம்ப்யூட்டர் எப்படிப் பிழைக்கிறது என்று அவருக்கு அறவே தெரியாது. அது இருக்கட்டும். ஊரை விட்டுவிட்டு அவர் பட்டியலை மட்டும் முதலில் பார்ப்போம்.

3080 கார்டு முழுச் சுமையில் இழுப்பது 320 வாட். குறைந்தது 750 வாட் எஸ்.எம்.பி.எஸ். போடச் சொல்கிறது அதைச் செய்த என்விடியா. 13700கே முழு வேகத்தில் 253 வாட் வரை போகும். இரண்டையும் கூட்டினாலே 573. மதர்போர்டு, ராம், ஃபேன், பம்ப் எல்லாம் இன்னும் கணக்கில் வரவில்லை. கேபினட்டோடு வரும் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் 450 வாட் என்று கொட்டை எழுத்தில் ஸ்டிக்கர் இருக்கும். அதற்குக் கீழே பொடி எழுத்தில் 12 வோல்ட் வரிசைக்கு எத்தனை ஆம்பியர் என்று போட்டிருப்பதைப் பார்த்து, 12ஆல் பெருக்குங்கள். பல பெட்டிகளில் விடை இருநூறு வாட்டைத் தாண்டத் திணறும். சரி, கார்டை எங்கே மாட்டுவது? 3080க்கு எட்டு-பின் இணைப்பு குறைந்தது இரண்டு வேண்டும். இந்த ரகப் பெட்டிகளில் பெரும்பாலும் ஒன்றுகூட இருக்காது. பிரேம் கூடுமா குறையுமா என்கிற விவாதத்துக்கே இடமில்லை. அன்பர் சொன்னபடி வாங்கி வந்தால் கம்ப்யூட்டர் எழுந்தே நிற்காது. தன் பட்டியலைத் தானே ஒருமுறை மாட்டிப் பார்த்திருந்தால் இந்தப் பாடத்தை எழுதியிருக்கமாட்டார்.

யானையை வாங்கியவன் அங்குசத்துக்கு யோசித்த கதை இது. யானையாவது நல்ல யானையா? எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம், கார்டுகளை ஓட்டி நாணயம் எடுக்கும் சுரங்க முறையை 2022 செப்டம்பர் 15 அன்று கைவிட்டது. அதுவரை இரவு பகலாக ஓடிய கார்டுகள் மூட்டைமூட்டையாகப் பழைய சந்தைக்கு வந்தன. 3080 அந்தச் சுரங்கக்காரர்களின் செல்லப்பிள்ளை. எந்தக் கார்டு எத்தனை ஆயிரம் மணி நேரம் வெந்தது என்று விற்கிறவர் சொல்லப்போவதில்லை. பிராசசர் கதையும் அப்படித்தான். 13, 14ஆம் தலைமுறைச் சில்லுகளில் தேவைக்கு மேல் மின்னழுத்தம் ஏறி அவை நிலைகுலைவதை இன்டெல் 2024இல் ஒப்புக்கொண்டு, மைக்ரோகோடு திருத்தமும் தந்து, வாரண்டியை இரண்டு ஆண்டு நீட்டியது. அந்தத் திருத்தம் வருமுன் கெட்டதைத் திருத்தம் சரிசெய்யாது. இதையெல்லாம் மறைத்து “லாபமான டீல்” என்று எழுதுவதற்குப் பெயர் வழிகாட்டல் அல்ல.

எஸ்.எம்.பி.எஸ். பிரேம் கூட்டாது என்பது உண்மைதான். அது கெட்டால் பிரேம் மட்டுமா போகும்? 2021இல் கார்டு தட்டுப்பாடு உச்சத்தில் இருந்தபோது, ஜிகாபைட்டின் பி750ஜிஎம், பி850ஜிஎம் எஸ்.எம்.பி.எஸ்.களைக் கார்டோடு சேர்த்துக் கட்டாயமாகத் தள்ளிவிட்டார்கள் அமெரிக்க வியாபாரிகள். சோதனையில் அவை வெடித்தன. அந்த ஆகஸ்டில் ஜிகாபைட் நிறுவனமே மிகைச்சுமைப் பாதுகாப்பின் எல்லையைக் குறைத்து, குறிப்பிட்ட வரிசை எண் கொண்டவற்றை மாற்றித் தருவதாக அறிவித்தது. பெயர் பெற்ற கம்பெனி, 750 வாட், திறனுக்குத் தங்க முத்திரை. அதற்கே இந்தக் கதி. அன்பரோ பெயரே இல்லாத தகரப்பெட்டியைச் சிபாரிசு செய்கிறார்.

இனி ஊருக்கு வருவோம். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் நிறுத்துகிற கரண்ட் எங்களுக்குப் பிரச்சினையே இல்லை, முன்னாலேயே சொல்லிவிடுவார்கள். சொல்லாமல் போய், போன வேகத்தில் திரும்பி, விளக்கு ஒருமுறை பளிச்சென்று எரிந்து அடங்குகிறதே, அதுதான் ஆளைக் கொல்வது. தோட்டப் பக்கம் மோட்டார்கள் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கும். எஸ்.எம்.பி.எஸ். பக்கவாட்டில் உள்ளீடு 100-240 வோல்ட் என்று போட்டிருந்தால் அந்த இறக்கத்தை அது சாதாரணமாகத் தாங்கும். 200-240 என்று போட்டிருந்தால் விளையாட்டு நடுவிலேயே கண்ணை மூடிவிடும். கடையில் நின்று இந்த ஒரு வரியைப் படிக்க அரை நிமிடம் போதும். அன்பரின் நீண்ட பாடத்தில் இந்த வரி இல்லை.

எர்த் பற்றியும் அதில் ஒரு வார்த்தை இல்லை. கோடையில் கரிசல் காய்ந்து பாளம்பாளமாக வெடிக்கும். மண்ணில் ஈரம் இல்லாவிட்டால் எர்த் குழி இருந்தும் இல்லாதது போலத்தான். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் வடிகட்டி மின்தேக்கிகள் சிறு கசிவு மின்சாரத்தை எர்த்துக்கு அனுப்பும். எர்த் கிடைக்காவிட்டால் கேபினட் தகரமே ஏறக்குறைய பாதி வோல்டேஜில், அதாவது 115 வோல்ட் பக்கம் போய் நிற்கும். மின்னோட்டம் மிகக் குறைவு, ஆள் போகாது. ஆனால் கை வைத்தால் சுருக்கென்று குத்தும். அந்த நிலையில் எச்.டி.எம்.ஐ. ஒயரை டி.வி.யில் சொருகினால் கார்டின் போர்ட் போனாலும் போகும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதித்து, குழிக்குத் தண்ணீர் ஊற்றுவது இங்கே கம்ப்யூட்டர் கட்டுவதில் முதல் வேலை.

எஸ்.எம்.பி.எஸ். திறனுக்குத் தரும் 80 பிளஸ் முத்திரைக்கான சோதனை ஏறத்தாழ 23 டிகிரி செல்சியஸ் அறை வெப்பத்தில் நடக்கிறது. எங்கள் ஊரில் 23 டிகிரி என்பது மார்கழி விடியற்காலை. சித்திரையில் தளம் கொதிக்கும் மாடி அறையில் நாற்பதுக்குக் கிட்டே இருக்கும். எந்தக் கூலரும் அறைக் காற்றைவிடக் குளிராகச் சில்லை இறக்காது, லிக்விட் கூலரும் விதிவிலக்கல்ல. காற்று உள்ளே போக வழி வேண்டும். அந்த வழியைக் கண்ணாடி வைத்து அடைத்துவிட்டு, உள்ளே 570 வாட் அடுப்பு மூட்டச் சொல்கிறார் அன்பர். முன்பக்கம் வலையும் கழற்றிக் கழுவும் ஃபில்டரும் உள்ள கேபினட் வாங்குங்கள். அருப்புக்கோட்டையில் தறிச் சத்தம் கேட்கும் தெருவில் வீடு என்றால் பஞ்சுத் தூசு ஹீட்சிங்க்கில் மெத்தைபோல் படியும். ஆடிக்காற்று அடிக்கும் மாதங்களில் வாரம் ஒருமுறை ஃபில்டரைத் தட்டியே ஆகவேண்டும். புளோவர் அடிக்கும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

கார்டுதான் விளையாட்டின் உயிர், அதற்கே பெரும்பங்கு பணம் போகவேண்டும் என்கிறாரே, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பெரும்பங்கு என்றால் மிச்சத்தைத் தெருவில் வீசுவது என்று அர்த்தமில்லை. ரைசன் 5 5600, அல்லது ஐ5-12400எஃப். இரண்டும் ஆறு கோர், கூடவே வரும் கூலர் போதும், லிக்விட் சமாச்சாரம் தேவையில்லை. இரண்டிலும் உள்ளமைந்த கிராபிக்ஸ் கிடையாது என்பதை மட்டும் மறக்கவேண்டாம், கார்டு கெட்டால் திரை இருட்டுதான். ராம் ஒரே குச்சியாக வேண்டாம், இரண்டாகப் பிரித்துப் போடுங்கள். 2025 கடைசியிலிருந்து ராம் விலை ஏறிய ஏற்றத்தில் இதில் கை கொஞ்சம் கடிக்கும். கார்டு வாரண்டியோடு புதிதாக ஆர்டிஎக்ஸ் 4060 ரகம். இழுப்பது 115 வாட், என்விடியா கேட்பது 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். நினைவகம் 8 ஜி.பி. என்பது அதன் குறை, புது விளையாட்டுகளில் தரத்தை ஒரு படி இறக்கவேண்டி வரும். 12 ஜி.பி. வேண்டும் என்பவர்கள் இன்டெல் ஆர்க் பி580 பக்கம் போகலாம். அது 190 வாட், எஸ்.எம்.பி.எஸ்.ஸையும் அதற்கேற்ப ஒரு படி ஏற்றிக்கொள்ளுங்கள்.

4060 போட்ட கம்ப்யூட்டர் விளையாடும்போது 250 வாட் பக்கம் நிற்கும். சாதாரண 600 வி.ஏ. யூ.பி.எஸ்.ஸின் கொள்ளளவு 360 வாட். கரண்ட் போனாலும் சேவ் செய்து அணைக்கச் சில நிமிடம் கிடைக்கும். அன்பரின் பெட்டியை இதில் மாட்டினால் யூ.பி.எஸ். கத்திக்கொண்டே விழும். சில நல்ல எஸ்.எம்.பி.எஸ்.கள் யூ.பி.எஸ். தரும் சதுர அலைக்கு ஒத்துழைக்காது என்பதால், இரண்டையும் கடையிலேயே மாட்டச் சொல்லி, யூ.பி.எஸ். பிளக்கைப் பிடுங்கிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதன் பின்னால் உள்ள சுவிட்சை யூ.பி.எஸ். பக்கம் தள்ளி வையுங்கள். இல்லாவிட்டால் அது மாறும் இடைவெளியில் கம்ப்யூட்டர் அணைந்து எழும்.

ஈ.பி. கணக்கையும் அன்பர் தொடவில்லை. ஒரு நாளைக்கு நாலு மணி நேரம், 500 வாட் என்றால் இரண்டு மாதத்தில் 120 யூனிட். அரசு இலவசமாகத் தரும் யூனிட்டில் பெரும்பகுதியை இந்த ஒரு பெட்டியே தின்று ஏப்பம் விடும். 250 வாட் என்றால் 60 யூனிட். பில்லைக் கட்டுவது பையனின் அப்பா, பட்டியல் எழுதிய அன்பர் அல்ல.

அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடிப் பக்கத்துத் தம்பிகளுக்குச் சொல்கிறேன்: பணத்தை எடுத்துக்கொண்டு மதுரைக்கு பஸ் ஏறுமுன் எர்த்தைப் பாருங்கள். எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கும் யூ.பி.எஸ்.ஸுக்கும் உரிய பணத்தை முதலில் தனியே எடுத்து வையுங்கள். மிச்சத்துக்கு எந்தக் கார்டு வருகிறதோ அதுதான் உங்கள் கார்டு.