அந்தக் கை என்ன சாதி?

கையால் செய்த பொருளுக்கு இப்போது நல்ல காலம். சக்கரத்தில் வனைந்து சூளையில் சுட்ட குவளை, கையால் தைத்த தோல்பை, முடைந்த கூடை எல்லாம் கண்ணாடிப் பெட்டிக்குள் ஏறிவிட்டன. திருப்பூரிலும் ஏற்றுமதிக்காரர்கள் வந்துபோகும் காபிக் கடைகளில் சொரசொரப்பான மண்நிறக் குவளையில் காபி தருகிறார்கள். கேட்டால், இதில் மனிதத் தொடுகை இருக்கிறது என்கிறார்கள். தொடுகை பற்றி எங்களுக்கு வகுப்பெடுக்க வேண்டாம். இந்த நாட்டில் எது தொடுகை, எது தீட்டு என்பதை அடிபட்டுப் படித்தவர்கள் நாங்கள். அழகு அழகு என்று உருகுகிறவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. யார் செய்தது, யார் வாய் வைக்கலாம் என்பதையெல்லாம் கழித்துவிட்டு மிஞ்சுவது என்ன அழகு?

1958இல் இந்திய அரசின் அழைப்பில் வந்த அமெரிக்க வடிவமைப்பாளர்கள் சார்லஸ் ஈம்ஸும் ரே ஈம்ஸும் ஓர் அறிக்கை கொடுத்தார்கள். 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் உருவாக அடித்தளமானது அதுதான். இந்தியாவில் தாங்கள் கண்ட பொருட்களிலேயே மிக உயர்ந்த அழகு என்று அவர்கள் கொண்டாடியது லோட்டாவை. நம்மூர்ச் செம்பு. அது எவ்வளவு நீர் கொள்ள வேண்டும், தலையில் தூக்குவதா இடுப்பிலா, ஊற்றும்போது எப்படிச் சரியும், என்ன விலை, இன்னொருவருக்குக் கொடுக்கும்போது எப்படி இருக்கும் என்று அடுக்கடுக்காகக் கேள்வி கேட்கிறார்கள். தூக்குகிற கையின் அளவு, வலு, அது ஆண் கையா பெண் கையா என்பதுகூட அந்தப் பட்டியலில் உண்டு. அந்தக் கை என்ன சாதி என்ற கேள்வி மட்டும் இல்லை.

அவர்கள் வெளியூர்க்காரர்கள், தெரியாது என்று சிலர் சமாதானம் சொல்லலாம். ஆனால் அதற்கு மூன்று வருடம் முன்பே, 1955இல், இதே அரசு தீண்டாமைக் குற்றங்கள் சட்டத்தைக் கொண்டுவந்திருந்தது. 1976இல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறிய அந்தச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, உணவு விடுதிகளில் உள்ள பாத்திரங்களைப் பயன்படுத்தவிடாமல் தடுப்பதைக் குற்றம் என்கிறது. பாத்திரத்துக்குச் சாதி உண்டு என்பது சட்டப் புத்தகத்துக்குத் தெரிந்திருக்கிறது. அழகியல் அறிக்கைக்குத் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் பியூன் வந்து குழாயைத் திறந்துவிட்டால்தான் தனக்குத் தண்ணீர் என்று அண்ணல் அம்பேத்கர் தன் வாழ்க்கைக் குறிப்பில் எழுதினாரே, அந்தப் பையனிடம் கொண்டுபோய் செம்பின் வளைவைக் காட்டி ரசிக்கச் சொல்வார்களா?

நல்லூரைச் சுற்றியுள்ள ஊர்களில் இரட்டைக் குவளை பார்த்தே வளர்ந்தவன் நான். சேரி சனத்துக்குக் கொட்டாங்குச்சி, பிறகு அலுமினிய டம்ளர், பிறகு கூரையில் சொருகி வைத்த தனிக் கண்ணாடி டம்ளர். குடித்துவிட்டு நாமே கழுவிக் கவிழ்த்துவிட்டு வர வேண்டும். போராட்டம், வழக்கு என்று வந்ததும் ஒரு கடைக்காரர் பேப்பர் கப்புக்கு மாறினார். பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்குப் பழையபடி கண்ணாடி டம்ளர். நமக்குத் தூக்கிப் போடுகிற கப்பு. தோழர்களோடு போய்க் கேட்டபோது, “எல்லாம் சுத்தத்துக்குத்தானுங்க” என்றார். ஆக, எங்கள் வட்டாரத்தில் டீக்கடைப் பாத்திரத்தின் வடிவத்தை மாற்றியது எந்தக் கலைஞனும் அல்ல. சாதிதான் மாற்றியது. இதை விட்டுவிட்டு எழுதுகிற வடிவமைப்பு வரலாறு எங்களுக்கு எதற்கு?

செய்கிற கைக்கு வருவோம். எங்க தாத்தன் சால் தைத்தவர். மோட்டார் வராத காலத்தில் கொங்கு நாட்டுக் கிணறுகளில் மாடு பூட்டிக் கவலை ஓட்டித்தான் தண்ணீர் இறைத்தார்கள். சாலின் அடியில் தோல்வால் இருக்கும். மேலே வரும்வரை மடங்கி நிற்க வேண்டும், மேலே வந்ததும் நீண்டு வாய்க்காலில் கொட்ட வேண்டும். ஒரு சொட்டு ஒழுகக் கூடாது, மாட்டின் இழுப்புக்குக் கிழியவும் கூடாது. எந்தத் தோல், எவ்வளவு பதம், தையல் எவ்வளவு நெருக்கம் என்பதெல்லாம் அருந்ததியர் கைக்குள் இருந்த கணக்கு. செம்புக்குக் கேட்ட அத்தனை கேள்வியையும் இதற்குக் கேட்டுப் பாருங்கள், அத்தனைக்கும் பதில் இருக்கும். இந்தக் கரிசலும் செம்மண்ணும் பச்சை பிடித்தது அந்தத் தையலால். தாத்தன் தைத்த தோல் கிணற்றுக்குள் முங்கி எழுந்தது. தாத்தன் கை அந்தக் கிணற்றில் படக் கூடாது. தாகம் என்றால் “பண்ணாடி” என்று கூப்பிட்டுவிட்டுக் கையேந்தி நிற்க வேண்டும். யாராவது உயரத்திலிருந்து ஊற்றுவார்கள். அவரை எந்த அறிக்கையும் வடிவமைப்பாளர் என்று எழுதவில்லை. ஊரில் அவருக்கு இருந்த பெயர் “ஏண்டா”.

பெயரில்லாத கைவினைஞன் என்று ஒரு வழிபாடு வேறு இருக்கிறது. ஜப்பானில் 1920களில் யனகி சோயெட்சு என்ற சிந்தனையாளர், பெயர் தெரியாத சாமானியர்கள் அன்றாடப் புழக்கத்துக்குச் செய்த பொருள்களில்தான் மெய்யான அழகு என்றார். அவர் போற்றிய கிசாஎமோன் கிண்ணம் இன்று ஜப்பானின் தேசியப் பொக்கிஷம். அது கொரியாவில் ஏழை எளியவர் புழங்கச் செய்த கிண்ணம். வனைந்த கொரியக் குயவர் யார் என்று யாருக்கும் தெரியாது. கிசாஎமோன் என்பது அதை வைத்திருந்த ஒசாகா வியாபாரியின் பெயர். வனைந்தவன் பெயர் போய், வாங்கியவன் பெயர் நின்றது. இதில் அடக்கத்தின் அழகைப் பார்க்க என்னால் முடியவில்லை.

திருப்பூரில் இது தினசரி நடக்கிறது. வெளிநாட்டிலிருந்து படமும் அளவும் வருகின்றன. படத்தில் உள்ள சட்டை உடம்பில் உட்காராது. சாம்பிள் டைலர் கை வளைவைக் கொஞ்சம் இறக்கி, கழுத்துப் பட்டையை இழுத்துப் பிடித்து, இரண்டு மூன்று தடவை அடித்துப் பிரித்து உட்கார வைப்பார். டிசைனர் என்று பெயர் வாங்குவது வேறு ஆள். லேபிளில் கம்பெனி பெயர் இருக்கும், நாட்டின் பெயர் இருக்கும், எத்தனை டிகிரி தண்ணீரில் துவைக்கலாம் என்றுகூட இருக்கும். டைலர் பெயரும் கைமடிக்கிற பிள்ளையின் பெயரும் இருக்காது.

இந்த இடத்தில்தான் மும்பையின் இளம் வடிவமைப்பாளர் சுதீர் ராஜ்பரின் வேலை முக்கியமாகிறது. குடிசைப் பகுதியில் வளர்ந்து ஓவியம் படித்தவர். 2015இல் மராட்டிய அரசு மாட்டிறைச்சித் தடையை இறுக்கியபோது, தாராவியில் தோல் வேலை செய்த தலித்துகளும் முஸ்லிம்களும் பிழைப்பிழந்தார்கள். பழைய டயர் ரப்பரை மறுபடி பதப்படுத்திய தகடுகளைக் கொண்டு அவர்களோடு சேர்ந்து பைகளும் நாற்காலிகளும் செய்தார். தன் நிறுவனத்துக்கு அவர் வைத்த பெயர் ‘சாமர்’. இழிவுபடுத்தும் நோக்கத்தோடு அந்தச் சொல்லால் ஒருவரை அழைப்பது வன்கொடுமைக் குற்றமாகும் என்று 2008இல் உச்ச நீதிமன்றம் சொல்லும் அளவுக்கு வசவாகிப் போன சொல். அந்தச் சொல்லோடு அவருடைய நாற்காலிகள் 2024இல் மயாமி வடிவமைப்புக் கண்காட்சிவரை போயின.

இது கலகம்தான், சந்தேகமில்லை. எந்தக் கை என்பதை மறைத்து விற்கிற சந்தையில், கையின் பெயரைச் சொல்லி விலை கேட்கிறார். ஆனால் கலகத்தையும் விழுங்கிச் செரிக்கிற வயிறு சந்தைக்கு உண்டு. அந்தப் பெயருள்ள பையைத் தோளில் மாட்டுகிற சீமாட்டி, தன் வீட்டில் வேலை செய்கிற அம்மாவுக்கு எந்த டம்ளரில் டீ கொடுக்கிறாள்?

2025 ஜூனில் மிலான் நகரில் பிராடா கம்பெனி கோலாப்பூர்ச் செருப்பைத் தன் செருப்பாக மேடையேற்றியது. 2019இலேயே புவிசார் குறியீடு பெற்ற செருப்பு அது. எதிர்ப்பு கிளம்பிய பிறகே அதன் பூர்விகத்தை ஒப்புக்கொண்டார்கள். டிசம்பரில் மராட்டிய, கர்நாடக அரசுத் தோல் தொழில் கழகங்களோடு ஒப்பந்தம் போட்டு, 2000 ஜோடி செய்து ஜோடி 800 யூரோ அளவில் விற்பதாக அறிவித்தார்கள். இந்தியக் கலாச்சாரம் திருடு போய்விட்டது என்று கூச்சலிட்டவர்களைப் பார்த்தேன். செருப்பு தைக்கிறவனைத் தெருவுக்கு வெளியே உட்கார வைத்ததும் அந்தக் கலாச்சாரம்தானே? அப்போது எங்கே போனது இந்த ரோசம்?

நம் தோழர்கள் சிலர் இன்னொரு பக்கத்திலிருந்து கேட்கிறார்கள்: தோலையும் மண்ணையும் திரும்பப் பேசுவது குலத்தொழிலுக்கே திரும்புவதாகாதா? நியாயமான கேள்வி. 1953இல் ராஜாஜி அரைநாள் பள்ளி, அரைநாள் அப்பன் தொழில் என்றார். அடுத்த வருடமே காமராசர் ஆட்சியில் அது ஒழிந்தது. 2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு விஸ்வகர்மா திட்டம் என்று 18 தொழில்களுக்குக் கடன் அறிவித்தது. குயவரும் செருப்புத் தைப்பவரும் அதில் அடக்கம். குடும்பத் தொழிலாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை நீக்கக் கேட்டு, 2024 நவம்பரில் தமிழக அரசு அதை ஏற்க மறுத்தது. சாதி பார்க்காத கைவினைத் திட்டம் 2025இல் இங்கே தொடங்கப்பட்டது. மறுத்தது சரி. பதினெட்டு வயதுப் பையனிடம் உளியையும் தோலையும் கொடுத்து “உன் பாட்டன் தொழில்” என்பது மரியாதை அல்ல, விலங்கு.

அதற்காகத் தோலையும் மண்ணையும் படித்தவர் வீட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்காக விட்டுக்கொடுக்கவும் முடியாது. அருந்ததியர் வீட்டுப் பிள்ளை வடிவமைப்புப் படிக்க வேண்டும். தோலைத் தொட வேண்டாமென்றால் தொட வேண்டாம். அவள் பீங்கான் வனையலாம், நாற்காலி செய்யலாம், கட்டடம் வரையலாம். தோல்தான் வேண்டுமென்றால், தன் பெயர் போட்டு, தன் விலை சொல்லிச் செய்யட்டும். அவள் கூட வேலை செய்கிறவர்களின் பெயரும் பங்கும் ஒப்பந்தத்தில் எழுத்தாக இருக்கட்டும். அவளுக்குப் பாடம் நடத்துகிறவர்கள் செம்பின் வளைவோடு இரட்டைக் குவளையையும், நீர் இறைத்த தோல்வாலையும் பாடத்தில் வைக்கட்டும்.

அதுவரை உங்கள் கண்காட்சிகளுக்கு நாங்களும் வருவோம். குவளை நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறது என்றே சொல்வோம். இதைச் செய்தவர் பெயர் என்ன, அவருக்கு எவ்வளவு கொடுத்தீர்கள், உங்கள் வீட்டில் இதே குவளையில் எங்களுக்கும் ஊற்றுவீர்களா என்று சேர்த்தே கேட்போம்.