மர்பி பெயர் நிற்கிறது. மண் சுமந்தவர் பெயர் எங்கே?



மர்பி டவுன், மர்பி டவுன் என்று நாள்தோறும் சொல்கிறோமே, யார் இந்த மர்பி? வெள்ளையர் ஆட்சியில் பெங்களூர் சிவில் அண்டு மிலிட்டரி ஸ்டேஷனில் எக்ஸிகியூட்டிவ் எஞ்சினியராக இருந்தவர். அதற்கு முன் இந்த இடத்துக்கு நாக்ஸ்பேட்டை என்று பெயர். அதுவும் வெள்ளைக்காரப் பெயர்தான்! துரைமார் வீட்டு வேலையாட்களும் கூலிகளும் குடியிருந்த பேட்டை இது. அவர்களில் ஒருவர் பெயராவது எங்காவது ஒரு பலகையில் உண்டா?

மர்பி மீது நமக்குப் பகையில்லை. அவர் பெயரை அழிக்கச் சொல்லவும் இல்லை. வரைபடம் போட்டவருக்குப் பெயர் உண்டு, செங்கல் சுமந்தவருக்கு இல்லை. இது என்ன நீதி என்றுதான் கேட்கிறோம்.

பெங்களூர் கோட்டைச் சுவரில் ஒரு கல் பதித்திருக்கிறார்கள். 1791 மார்ச் 21 அன்று ஆங்கிலேயப் படை எந்த உடைப்பின் வழியாக உள்ளே புகுந்தது என்று அது சொல்கிறது. உள்ளே நின்று மடிந்தவர்களைப் பற்றி அந்தக் கல்லில் ஒரு சொல்லும் இல்லை. வென்றவன் வைத்த கல் வேறு எப்படி இருக்கும்?

ஆனால் இந்த மண்ணின் பழைய வழக்கம் அப்படியல்ல. பேகூர் கோயிலுக்குப் போய்ப் பாருங்கள். 'பெங்களூர்' என்ற பெயர் வரும் மிகப் பழைய கல்வெட்டு அங்கே இருக்கிறது. ஏறக்குறைய கி.பி. 890ஐச் சேர்ந்த கன்னடக் கல்வெட்டு அது. அதில் ஒரு மன்னனின் பட்டாபிஷேகமா சொல்லப்படுகிறது? இல்லை! பெங்களூர்ப் போரில் மாண்டவர்களைப் பற்றிய கல் அது. நாகத்தரன் என்ற தலைவனின் வீட்டு ஊழியனையும் அது மறக்கவில்லை. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊழியனுக்குக் கல்லில் இடம் கிடைத்தது. எஞ்சினியர்களும் கார்ப்பரேஷனும் வந்த பிறகு அந்த இடம் பறிபோயிற்று!

நமக்குப் பக்கத்தில் தொம்மலூர் சொக்கநாதர் கோயிலில் பழைய தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. அதைக் காட்டி "ஊரே எங்களுடையது" என்று மார்தட்டும் ஆசாமிகள் நம்மிடமும் உண்டு. வேண்டாம் அந்த வீம்பு! பேகூர்க் கல் கன்னடத்தில் பேசுகிறது, தொம்மலூர்க் கல் தமிழில் பேசுகிறது. இரண்டு மொழிக்காரரும் இங்கே பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்தார்கள் என்பதே அவை தரும் சாட்சி. அதற்கு மேல் ஏதும் நமக்குத் தேவையில்லை.

1809இல் கண்டோன்மெண்ட் அமைந்தது. பட்டாளத்தின் பின்னால் ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து நம் முன்னோர் வந்தார்கள். 1868இல் எழும்பிய அட்டாரா கச்சேரியின் கட்டுமானக் காண்டிராக்டர் ஆற்காடு நாராயணசாமி முதலியார். அவர் பெயர் அவர் தொடங்கிய பள்ளிக்கூடங்களில் வாழ்கிறது. வாழட்டும்! ஆனால் கச்சேரிக்குக் கல் உடைத்தவர்களையும் சாந்து குழைத்தவர்களையும் யார் எழுதி வைத்தார்கள்? தமிழன் என்றால் மட்டும் போதாது, தொழிலாளியாகவும் இருந்தால் அவன் இரண்டு முறை மறக்கப்படுகிறான்.

"பலகை சோறு போடுமா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். போடாது. அது பட்டாவும் ஆகாது. ஆனால் 1991 டிசம்பரில் காவிரியின் பெயரால் நம் வீடுகள் தாக்கப்பட்டபோது எழுந்த கூச்சல் என்ன? "வந்தேறிகள்" என்பதுதானே! 2013 ஜனவரியில் ஈஜிபுரா ஏழைகள் குடியிருப்பை இடித்துக் குடும்பங்களைத் தெருவில் தள்ளியபோது, "இவர்கள் அசல் ஒதுக்கீடு பெற்றவர்கள் அல்ல" என்று வாதம் எழுந்தது. இத்தனை காலம் உழைத்தவனை நேற்று வந்தவன் என்று சொல்ல முடிகிறதே, ஏன்? அவன் வந்த கதை எங்கும் எழுதப்படவில்லை என்பதால்தான்.

அல்சூர் ஏரிக்கரையில் அய்யன் வள்ளுவர் சிலை 1991 முதல் 18 ஆண்டுகள் மூடிக் கிடந்தது. 2009 ஆகஸ்ட் 9 அன்று திறக்கப்பட்டது. நான்கே நாளில் சென்னையில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலையும் திறக்கப்பட்டது. ஊர் இடிந்து விழவில்லையே! மரியாதையைப் பரிமாறிக்கொண்டால் கதவு திறக்கும் என்பதற்கு அதுவே சான்று.

ஆகவே கார்ப்பரேஷனைக் கேட்கிறோம்: மர்பி டவுன் முகப்பில் ஒரு கல் வையுங்கள். முதலில் கன்னடத்திலும் அடுத்துத் தமிழிலும் எழுதுங்கள். நாக்ஸ்பேட்டையின் கதையையும், இங்கே உழைத்து வாழ்ந்தவர்கள் செய்த தொழில்களையும் அதில் பொறியுங்கள்.

அதற்கு முன் நம் வேலை ஒன்று இருக்கிறது. வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். தாத்தா எந்த ஊரிலிருந்து வந்தார்? யாரிடம் வேலை செய்தார்? என்ன கூலி வாங்கினார்? பழைய ரேஷன் கார்டு, மில் அட்டை, பட்டாளத்துக் காகிதம் எது கிடைத்தாலும் பத்திரப்படுத்துங்கள். பிள்ளைகளை ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். கல்லில் பொறிக்கக் கேட்கும் நாம் காகிதத்திலாவது எழுதி வைத்திருக்க வேண்டாமா?