மன்னன் கல்வெட்டும் களிமண் கணக்கும்

பேரரசுகளின் வரலாற்றை நாம் பெரும்பாலும் அரசர்களின் வாய்மொழியாகவே வாசித்துப் பழகிவிட்டோம். பாரசீகப் பேரரசன் முதலாம் டேரியஸ் (கி.மு. 522–486) பெஹிஸ்துன் மலைப்பாறையில் மும்மொழிகளில் பொறித்த கல்வெட்டில் தோற்ற பகைவரின் பெயர்கள் வரிசையாக உள்ளன, அப்பாறையைச் செதுக்கியவர்களின் பெயர்கள் இல்லை.

1933-இல் பெர்சிபோலிஸ் கோட்டைச் சுவர்ப்பகுதியில் கிடைத்த ஆயிரக்கணக்கான களிமண் பலகைகள் இக்குறையை ஓரளவு தீர்த்தன. பெரும்பாலும் ஈலமைட் மொழியில் அமைந்த அவை, கி.மு. 509 முதல் 493 வரையிலான படிக்கணக்குகள். எத்தனை பேருக்கு எவ்வளவு தானியம், யாருக்கு எவ்வளவு மது என்பதே அவற்றின் பொருள். பிள்ளை பெற்ற பெண் தொழிலாளிக்குத் தனிப்படி உண்டு. ஆண்மகவை ஈன்றவளுக்கோ, பெண்மகவை ஈன்றவள் பெறுவதைப்போல் இருமடங்கு! பேரரசின் பரிவும் பாரபட்சமும் ஒரே கணக்கில் அடங்கிவிடுகின்றன. இவ்வளவு நேர்மை எந்த மெய்க்கீர்த்திக்கும் வாய்த்ததில்லை.

கி.மு. 330-இல் அலெக்சாந்தரின் படை பெர்சிபோலிஸ் அரண்மனைகளை எரித்தது. இன்று எஞ்சி நிற்கும் தூண்களை அண்ணாந்து பார்த்து வியக்கிறோம். வியக்கலாம்; ஆனால் அந்தப் பேரரசு யாருக்கு எவ்வளவு அளந்தது என்பதையே நாம் முதலில் கேட்கவேண்டும்.