அப்பாவுக்கு வேலை போச்சு... பிள்ளையோட ஸ்கூல் என்ன ஆகும்?

2014 நவம்பர் 1. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையில் உற்பத்தி நின்றது. அடுத்த மாதமே ஃபாக்ஸ்கானும் நிறுத்தியது. வரி வழக்கு, மைக்ரோசாஃப்ட் ஒப்பந்தம் என்றுதான் அப்போது பேச்சு ஓடியது. வேலை இழந்த வீடுகளில் படிக்கும் பிள்ளைகள் அந்தப் பேச்சில் அதிகம் வரவில்லை.

இன்று ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் பகுதி மறுபடி பரபரப்பாக இருக்கிறது. ஆனால் ஒப்பந்தத் தொழிலாளர்கள் நிறைந்த இடத்தில் இந்தக் கேள்வி பழசாகிவிடாது.

வேலை போனால் படிப்பும் நிற்குமா?

பிரேசிலின் 6 பெருநகரங்களில் துர்யே, லாம், லெவிசன் ஆகியோர் செய்த ஆய்வு 2007-ல் வெளியானது. கல்வியாண்டின் நடுவில் குடும்பத் தலைவர் வேலை இழந்தால், பிள்ளை வேலைக்குப் போவதும் இடைநிற்பதும் கூடுகிறது என்றது அது. 16 வயதுப் பெண்களிடம் பாதிப்பு தெளிவாகத் தெரிந்தது.

இங்கே நிலைமை கொஞ்சம் வேறு. அரசுப் பள்ளி இருக்கிறது, மதிய உணவு இருக்கிறது, தொடக்கப் பள்ளியில் காலை உணவும் உண்டு. தனியார் பள்ளியிலிருந்து அங்கே வந்து சேர்வதில்தான் சிக்கல்.

தனியார் பள்ளியிலேயே இலவசமாகத் தொடர முடியாதா?

கல்வி உரிமைச் சட்டத்தின் 25% இடங்கள் எல்.கே.ஜி. அல்லது முதல் வகுப்பு போன்ற நுழைவு வகுப்புக்கு மட்டும்தான். பிள்ளை 4-ம் வகுப்பில் இருக்கும்போது அப்பாவின் சம்பளம் நின்றால், அந்தக் கதவு திறக்காது. சட்டத்தின் பெரிய ஓட்டை இது.

ஃபீஸ் பாக்கி, டி.சி. தரமாட்டேன் என்றால்?

8-ம் வகுப்பு வரை டி.சி. தாமதத்தைக் காட்டி சேர்க்கையை மறுக்கக் கூடாது என்கிறது அதே சட்டத்தின் 5-வது பிரிவு. டி.சி.யில் கட்டணப் பாக்கியைக் குறிப்பிடக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றமும் 2024 ஜூலையில் சொல்லிவிட்டது. ஆக, கடன் வாங்கிப் பாக்கியைக் கட்டும்வரை பிள்ளையை வீட்டில் உட்கார வைக்க வேண்டியதில்லை.

மாற்றுவதென்றால் எப்போது?

முடிந்தால் 6-ம் வகுப்புக்கு முன்பே. மருத்துவம், பொறியியலில் 7.5% இடஒதுக்கீடும், மாதம் ரூ.1,000 தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களும் பொதுவாக 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கே. தள்ளிப்போட்டு 8-ல் மாற்றினால் ரெண்டும் கைநழுவலாம்.

வேலை இழந்தவருக்கு உதவித்தொகை?

2018-ல் தொடங்கிய இ.எஸ்.ஐ.யின் அடல் திட்டம் சராசரிச் சம்பளத்தில் பாதியை அதிகபட்சம் 90 நாட்களுக்குத் தருகிறது. கல்வியாண்டோ பத்து மாதம். அதோடு, வி.ஆர்.எஸ். வாங்கி வெளியேறியவர்களுக்கு இது கிடையாது. நோக்கியாவில் ஆயிரக்கணக்கானோர் வெளியேறியது அந்த வழியில்தான்.