வாட் எண்ணை விடுங்கள், பிரேக்கைப் பாருங்கள்

இணையத்தில் மலைப்பாதை மின்சைக்கிள் ஒன்றைத் தேடிப் பாருங்கள். முதலில் கண்ணில் படுவது ஓர் எண்ணாகத்தான் இருக்கும்: 750 வாட், 1,000 வாட், சில விளம்பரங்களில் அதற்கும் மேலே. அந்த எண்ணைக் கொட்டை எழுத்தில் போடுகிறவர்கள் பிரேக்கைப் பற்றி ஒரு வரிகூட எழுதுவதில்லை. காட்டுப்பாதைக்கும் குன்றுப்பாதைக்கும் மின்சைக்கிள் தேர்ந்தெடுக்கும்போது கடைசியாகப் பார்க்கவேண்டிய எண் இந்த வாட்தான் என்பது என் கருத்து. ஏன் என்பதற்கு உங்கள் இயற்பியல் பாடமே சாட்சி சொல்லும்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் மின்சைக்கிளின் மோட்டார் தொடர்ந்து தரக்கூடிய திறன் 250 வாட்டைத் தாண்டக்கூடாது. நீங்கள் பெடலை மிதித்தால் மட்டுமே அது உதவவேண்டும். வேகம் மணிக்கு 25 கிலோமீட்டரைத் தொட்டதும் உதவி நின்றுவிட வேண்டும். மொத்த எடை 20 கிலோவுக்குள் இருக்கவேண்டும். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஆரஞ்சு முத்திரையும் பதிவெண் பலகையும் தேவை. ஓட்டுபவருக்கு 16 வயது நிரம்பியிருக்க வேண்டும். 2022 ஜனவரி 1 முதல் இணையவழித் தேர்வில் தேறியிருக்கவும் வேண்டும். நடைபாதையில் ஓட்டக்கூடாது. பூங்காக்களின் மண்பாதைகளில் மோட்டார் பொருத்திய சைக்கிளுக்கு இடமுண்டா என்பதை நுழைவாயில் பலகையில் பார்க்காமல் உள்ளே போகாதீர்கள். ஆக, கைப்பிடியைத் திருகினாலே பாயும் 1,000 வாட் வண்டியை வாங்கினால், அதை இங்கே சாலையில் ஓட்டவே முடியாது.

"வெறும் 250 வாட் மலையேறப் போதுமா?" என்று பலரும் கேட்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். உங்கள் எடை 60 கிலோ, சைக்கிள் 20 கிலோ, மொத்தம் 80. பாதை 100 மீட்டருக்கு 15 மீட்டர் உயர்கிறது என்று வையுங்கள். காலால் ஏறினாலே மூச்சு வாங்கும் ஏற்றம் அது. g மதிப்பை 10 என்று எடுத்துக்கொண்டால், உங்களைக் கீழே இழுக்கும் விசை சுமார் 120 நியூட்டன். நொடிக்கு 2 மீட்டர், அதாவது மணிக்கு 7 கிலோமீட்டர் வேகத்தில் ஏற வேண்டுமானால், விசையை வேகத்தால் பெருக்குங்கள்: 240 வாட். மோட்டார் ஒன்றே அதைத் தந்துவிடுகிறது. சேற்றின் உராய்வை உங்கள் கால்கள் பார்த்துக்கொள்ளும். சாதாரண உடல்நலமுள்ள ஒருவர் மிதித்து 100 வாட் தருவது பெரிய காரியமில்லை.

பிறகு ஏன் சில 250 வாட் சைக்கிள்கள் ஏற்றத்தில் திணறி நின்றுவிடுகின்றன? மோட்டார் எங்கே இருக்கிறது என்பதில்தான் விடை உள்ளது.

விலை குறைந்த மின்சைக்கிள்களில் மோட்டார் சக்கரத்தின் மையத்தில் இருக்கும். நீங்கள் மாற்றும் கியர்கள் அதற்கு உதவாது. சக்கரம் சுற்றும் வேகத்தில்தான் அதன் உதவி சக்கரத்துக்குக் கிடைக்கும். 25 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 190 முறை சுற்றும். அந்த வேகத்துக்காக வடிவமைத்த மோட்டாரை, நாம் மேலே போட்ட ஏற்றத்தில் 55 முறை மட்டும் சுற்ற வைக்கிறோம். மின்மோட்டாரை அதன் இயல்பு வேகத்தைவிட மிக மெதுவாகச் சுற்றவைத்தால், உள்ளே போகும் மின்சாரத்தில் பெரும்பகுதி இயக்கமாக மாறாமல் வெப்பமாகிவிடும். கொஞ்ச நேரத்தில் மோட்டார் சூடேறி, தன்னைக் காத்துக்கொள்ள உதவியைக் குறைத்துவிடும். நீங்கள் ஏற்றத்தின் நடுவில் நிற்பீர்கள்.

மோட்டார் இரண்டு பெடல்களுக்கும் நடுவே இருந்தால் கதையே வேறு. அதன் விசை செயின் வழியாக, நீங்கள் மாற்றும் அதே கியர்கள் வழியாகச் சக்கரத்துக்குப் போகிறது. முன்னே 32 பற்கள், பின்னே 50 பற்கள் உள்ள கியரில், சக்கரம் 55 முறை சுற்றும்போது பெடல் சுமார் 85 முறை சுற்றும். மோட்டாருக்கும் உங்கள் கால்களுக்கும் அதுதான் வசதியான வேகம். இப்போது 'டார்க்' எனப்படும் முறுக்குவிசையைப் பாருங்கள். 120 நியூட்டன் விசைக்குச் சக்கரத்தில் சுமார் 42 நியூட்டன் மீட்டர் வேண்டும். கியர் பெருக்கித் தருவதால் பெடல் அச்சில் 27 இருந்தாலே போதும்.

இந்த 27 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மலைச்சைக்கிள் உலகில் போஷ் நிறுவனத்தின் சிஎக்ஸ் மோட்டார் 85 நியூட்டன் மீட்டருக்காகப் பெயர் வாங்கியது. டிகியூ நிறுவனத்தின் எச்பிஆர்50 போன்ற சிறிய மோட்டார் 50 தருகிறது. ஆல்ப்ஸ் மலையில் நாள் முழுவதும் ஏறுகிறவருக்கு 85 தேவைப்படலாம். நமக்கு 50 தாராளம். சிறிய மோட்டார் என்றால் சிறிய மின்கலன், குறைந்த எடை.

பலர் இங்கே என்னோடு சண்டைக்கு வருவார்கள். முழு சஸ்பென்ஷனும் பெரிய மின்கலனும் கொண்ட மலைச்சைக்கிள்கள் பல 22 முதல் 25 கிலோ எடை உள்ளவை. சிங்கப்பூரின் 20 கிலோ வரம்பு நல்ல வண்டிகளை எல்லாம் தடுத்துவிடுகிறது என்பது அவர்களின் வாதம். எனக்கு அந்த வரம்பின்மேல் குறையில்லை. மோட்டார் உதவுவது பெடலை மிதிக்கும்போது மட்டும்தான். விழுந்த மரத்தைத் தாண்டும்போதும், வளைவில் சாயும்போதும், மின்கலன் தீர்ந்தபின் தள்ளிக்கொண்டு வரும்போதும் அந்த எடையைச் சுமப்பது நீங்கள்தான். 50 கிலோ எடையுள்ள மாணவருக்கு 25 கிலோ சைக்கிள் என்பது தன் எடையில் பாதி.

மின்கலனுக்கு வருவோம். "14 ஆம்பியர் மணி" என்று மட்டும் எழுதியிருந்தால் ஏமாறாதீர்கள். அதை வோல்ட்டால் பெருக்க வேண்டும். 36 வோல்ட், 14 ஆம்பியர் மணி என்றால் 504 வாட் மணி. 48 வோல்ட், 10.5 ஆம்பியர் மணி என்றாலும் அதே 504தான். நமக்கு எவ்வளவு தேவை? புக்கிட் தீமாவின் உயரம் சுமார் 163 மீட்டர். கணக்குக்காக மட்டும் அதை எடுத்துக்கொள்வோம். 80 கிலோவை அவ்வளவு உயரம் தூக்க 1,30,000 ஜூல், அதாவது 36 வாட் மணி. ஒரு 360 வாட் மணி மின்கலனில் கால்பங்கு வெப்பமாக வீணானாலும் அதை ஏழு முறை தூக்கலாம், அதுவும் நீங்கள் மிதிக்காமலேயே. பெரிய மின்கலன் வாங்கத் துடிப்பவர்கள் இந்தப் பெருக்கலை ஒருமுறை செய்து பார்க்கலாம்.

விலை மலிவு என்று ஊர்பேர் தெரியாத மின்கலனை மட்டும் வாங்கவே வாங்காதீர்கள். லித்தியம் மின்கலத்துக்குள் ஓர் அறை பழுதாகிச் சூடேறினால், அந்த வெப்பம் பக்கத்து அறைகளுக்கும் பரவித் தீயாகிவிடும். நாம் இருப்பதோ அடுக்குமாடி வீடுகளில். பல வீடுகளில் சைக்கிள் நிற்பதும் வாசல் கதவருகே, தப்பித்து ஓடவேண்டிய வழியில். எல்லாரும் தூங்கும்போது மின்னூட்டம் செய்யவேண்டாம்.

கடைகளில் யாரும் சொல்லாத ஒரு விஷயம் உணரி. சில சைக்கிள்களில் உள்ள உணரி, பெடல் சுற்றுகிறதா இல்லையா என்பதை மட்டும் பார்க்கும். சுற்றினால் மோட்டாரை முடுக்கிவிடும். ஈரமான வேர்களின்மேல், குறுகிய வளைவில், சமநிலைக்காகப் பெடலைப் பாதி திருப்புகிறீர்கள். அந்த நொடியில் அது உங்களை முன்னே தள்ளினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். நீங்கள் எவ்வளவு அழுத்தி மிதிக்கிறீர்கள் என்பதை அளந்து, அதற்கேற்ப உதவும் முறுக்குவிசை உணரி உள்ள சைக்கிள்தான் காட்டுப்பாதைக்கு ஏற்றது. இதில் சமரசமே வேண்டாம்.

இனி இறக்கம். மோட்டார் விளம்பரங்கள் வாய் திறக்காத இடம் இது.

100 மீட்டர் உயரம் ஏறிய உங்களிடமும் சைக்கிளிடமும் 80,000 ஜூல் நிலையாற்றல் சேர்ந்திருக்கிறது. கீழே வந்து நிற்கும்போது அது முழுவதும் எங்காவது போயிருக்க வேண்டும். காற்றும் டயரும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மீதியை வெப்பமாக வாங்கிக்கொள்வது இரண்டு பிரேக் தட்டுகள். இரண்டும் சேர்ந்து அரைக் கிலோ எஃகு என்று வைப்போம். ஒரு கிலோ எஃகின் வெப்பநிலையை ஒரு பாகை உயர்த்த ஏறத்தாழ 500 ஜூல் தேவை. ஆற்றலில் பாதி மட்டும் தட்டுகளுக்குப் போனாலும், காற்று குளிர்விக்காவிட்டால் வெப்பநிலை 160 பாகை உயரும். செங்குத்தான பாதையில் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வருகிறவருக்கு இது ஏட்டுக்கணக்கு இல்லை. மலிவான பிரேக் கட்டைகள் சூட்டில் மெருகேறி வழுக்கும். நெம்புகோலை எவ்வளவு இறுக்கினாலும் பிடிக்காது. அதனால்தான் எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் தட்டு பிரேக்கும், 200 மில்லிமீட்டர் அளவிலான தட்டும் கேளுங்கள் என்கிறேன். தட்டு பெரிதானால் அதே விசைக்குக் கூடுதல் முறுக்குவிசை கிடைக்கும். வெப்பத்தை வாங்கிக்கொள்ளும் எஃகும் கூடும். கம்பி இழுக்கும் பிரேக் உள்ள 'மலை' மின்சைக்கிளைக் கண்டால், பெயரில் மட்டுமே மலை இருக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்.

வேக வரம்பை நீக்கித் தருவதாகச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். அது சட்டப்படி குற்றம். இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 25ஐ 35 ஆக்கினால் ஆற்றல் ஏறத்தாழ இருமடங்கு, நிற்கத் தேவையான தூரமும் அப்படியே. எதிரே நடந்து வரும் தாத்தாவுக்கு இந்த வர்க்கக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்க்க முடியாது.

உங்களில் பலருக்கு இன்னும் 16 ஆகவில்லை. செஸ்ட்நட் பூங்காவிலும் புலாவ் உபினின் கெத்தாம் பூங்காவிலும் மலைச்சைக்கிள் பாதைகள் இருக்கின்றன. மோட்டார் இல்லாத சைக்கிளில் அங்கே பிரேக்கை விட்டுவிட்டுப் பிடிக்கவும், வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைக்கவும் பழகுங்கள். இவை மோட்டார் சொல்லித்தராத பாடங்கள். மின்சைக்கிளை நீங்கள் முதன்முதலில் தொடப்போவது வெளிநாட்டுப் பயணத்தில் வாடகைக்கு எடுக்கும்போதாக இருக்கலாம். 160 வாட் மணிக்கு மேற்பட்ட மின்கலனைப் பயணிகள் விமானத்தில் கொண்டுபோக முடியாது என்பதால், சொந்த வண்டி உள்ளவர்களும் அங்கே வாடகைக்குத்தான் எடுக்கவேண்டும். வாடகைக் கடையில் கிளம்பும் முன் இரண்டு நிமிடம் ஒதுக்குங்கள். சைக்கிளை ஒருமுறை தூக்கிப் பாருங்கள். இரண்டு பிரேக் நெம்புகோல்களையும் இறுக்கிப் பாருங்கள். ஏதேனும் ஒன்று கைப்பிடியைத் தொடும்வரை உள்ளே போனால், எத்தனை வாட் என்று விசாரிக்காமல் வேறு சைக்கிள் கேளுங்கள்.